பழைய ஸ்பீக்கர் பெட்டி பழுதாகிவிட்டதா? யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே திருத்தும் வழி

பெரியப்பாவோ மாமாவோ எண்பதுகளில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஸ்பீக்கர் பெட்டிச் சோடி உங்கள் வீட்டிலும் கிடக்கலாம். ஒரு பெட்டி கரகரக்கும், மற்றையது வாயே திறக்காது. கடைக்குக் கொண்டுபோனால், "இதற்கெல்லாம் சாமான் வராது, புதிதாக ஒன்று வாங்குங்கள்" என்பார்கள். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்த பிறகுதான் நானே திருப்புளியைக் கையில் எடுத்தேன். பெரும்பாலான பெட்டிகளில் பழுது ஒரு சிறு இடத்தில்தான் இருக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க முதல் பணம் செலவழிக்கத் தொடங்குவதால்தான் ஆட்கள் நட்டப்படுகிறார்கள். ஆகவே செலவில்லாத வேலைகளை முதலில் வைத்திருக்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள்.

1. திறக்க முதல் வெளியே தேடுங்கள்

அம்பிளிஃபயரை நிறுத்திவிட்டு இடப்பக்கப் பெட்டியை வலப்பக்கமும் வலப்பக்கப் பெட்டியை இடப்பக்கமும் இணையுங்கள். கோளாறு பெட்டியோடு சேர்ந்து இடம் மாறினால் பெட்டியில்தான் பழுது. மாறாமல் பழைய பக்கத்திலேயே நின்றால் அம்பிளிஃபயரையோ வயரையோ பாருங்கள்.

அடுத்து, பெட்டிகளைக் கழற்றிவிட்டு, பாட்டு எதுவும் போடாமல் அம்பிளிஃபயரை இயக்கி, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீற்றரை டீ.சி. வோல்ற் அளவில் வைத்துப் பாருங்கள். 50 மில்லிவோல்ற்றுக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. வோல்ற் கணக்கில் நின்றால் பெட்டிக்குள் தாழ்சுரம் தரும் பெரிய ஸ்பீக்கரான வூஃபரை எரித்தது அந்த அம்பிளிஃபயர்தான். அதைத் திருத்தாமல் புதிய கொயில் (ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள்) போட்டால் அதுவும் எரியும். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். ஆனாலும் இதைச் செய்யும் திருத்துநர்கள் மிகக் குறைவு.

பெட்டியில் உயர்சுரத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் இருந்தால், இரு பக்கமும் பல முறை முழுதாகத் திருகிப் பாருங்கள். அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தின் அறுபதுகள், எழுபதுகளின் பெட்டிகளில் 'டுவீற்றர் (உயர்சுரம் தரும் சிறிய ஸ்பீக்கர்) செத்துவிட்டது' என்று சொல்லப்படுவதற்குப் பல தடவை இந்தக் குமிழின் உட்புறம் களிம்பு பிடித்ததுதான் காரணம். திருகும்போது சத்தம் விட்டு விட்டு வந்தால் டுவீற்றர் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

பெட்டியில் காற்றுத் துளை இருந்தால் அதற்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். நம்மூரில் பாவிக்காமல் விட்ட துளை எதுவும் குளவிக்குச் சொந்தமாகிவிடும். மண்கூட்டை எடுத்ததும் பழைய தொனி திரும்பிய பெட்டிகள் உண்டு.

2. கழற்றும்போதே பதிவு எழுதுங்கள்

உப்புக் காற்றில் திருகாணிகள் துருவேறி இறுகியிருக்கும். துருநீக்கி எண்ணெயை விசிறாதீர்கள், கோனில் (ஸ்பீக்கரின் முன்னே அசையும் கூம்பில்) பட்டால் ஊறிவிடும். ஈர்க்கின் நுனியில் ஒரு துளி எடுத்து ஆணித் தலையில் வைத்து ஓர் இரவு விடுங்கள். கழற்றும்போது ஒரு கையை கோனுக்கு மேல் குடைபோலப் பிடியுங்கள். பெரிய காந்தம் திருப்புளியை இழுக்கும். அது கை வழுக்கினால் கோனில் ஓட்டை விழும். திருத்தப் போய்ப் பழுதாக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வயரைக் கழற்ற முதல் தொலைபேசியில் படம் எடுங்கள்: எந்த நிற வயர் எந்த முனையில், சிவப்புப் புள்ளி எங்கே, காந்தத்தின் பின்னால் ஒட்டியுள்ள தாளில் என்ன இலக்கம், உயர்சுரத்தையும் தாழ்சுரத்தையும் பிரித்து அனுப்பும் குறொஸ்ஓவர் பலகையில் கப்பாசிற்றர்களின் பெறுமானம் என்ன என்று எல்லாமே தெரிய வேண்டும். பிறகு ஒரு கொப்பியில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, மாதிரி இலக்கம், ஓம் (மின்தடை அளவு), சட்டத்தின் வெளிவிட்டம், பலகையில் வெட்டிய துளையின் விட்டம், ஆணித் துளைகளின் இடைவெளி, காந்தத்தின் ஆழம் ஆகியவற்றை மில்லிமீற்றரில் எழுதுங்கள். சாமான் விற்பவரும் கொயில் சுற்றுபவரும் கேட்கப்போவது இவற்றைத்தான். பின்னால் பொருள் மாறிப்போனால் உங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரமும் இந்தக் கொப்பிதான்.

3. மீற்றரை வைத்து நோயைப் பிரித்தறியுங்கள்

ஒரு வயரையாவது கழற்றிவிட்டு ஸ்பீக்கரின் இரண்டு முனைகளுக்கும் இடையே ஓம் பாருங்கள். 8 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர் ஏறத்தாழ 5.5 முதல் 7 வரை காட்டும், 4 ஓம் என்றது 3 முதல் 3.5 வரை. எழுதியதைவிடக் குறைவாகக் காட்டுவது இயல்பு. அதைப் பழுது என்று சொல்லிப் பணம் கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். பழைய பிரித்தானியப் பெட்டிகளில் 15 ஓம் ஸ்பீக்கர்களும் உண்டு, அவை பத்துக்கு மேல் காட்டும்.

மீற்றர் எதுவும் காட்டாவிட்டால் கொயில் எரிந்துவிட்டது என்று உடனே முடிவுகட்டாதீர்கள். முனையிலிருந்து கோனுக்குப் போகும் மெல்லிய பின்னல் கம்பி ஆடி ஆடி அறுந்திருக்கலாம். கம்பி கோனுக்குள் நுழையும் இடத்தில் மீற்றர் ஊசியை வைத்துப் பாருங்கள். அங்கே அளவு வந்தால் கம்பி மட்டும்தான் பழுது. அதே மாதிரியான பின்னல் கம்பியைப் பற்றவைத்தால் வேலை முடிந்தது. சாதாரண வயரைப் போட்டால் விறைத்து நின்று சில வாரங்களில் மறுபடி முறியும்.

பூச்சியத்துக்கு அருகே காட்டினால் கொயில் உள்ளே ஒட்டிவிட்டது. அம்பிளிஃபயரில் இணைக்காதீர்கள்.

ஓம் சரியாக இருந்தும் கரகரத்தால், இரண்டு பெருவிரல்களையும் கோனின் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்துச் சமமாக, மெதுவாக உள்ளே அழுத்துங்கள். உராயும் சத்தம் கேட்டால் கொயில் நடுவிலிருந்து விலகியிருக்கிறது, அல்லது காந்த இடைவெளிக்குள் துரு உதிர்ந்திருக்கிறது. கடலுக்குக் கிட்டிய வீடுகளில் துருவுக்கான வாய்ப்பு அதிகம்.

வூஃபரின் நேர் முனையை அறிய 1.5 வோல்ற் பற்றரியை ஒரு கணம் தொடுங்கள். பற்றரியின் நேர் பக்கம் சிவப்பு முனையில் பட்டால் கோன் வெளியே வர வேண்டும். ஜேபிஎல் நிறுவனத்தின் பழைய ஸ்பீக்கர்கள் இதற்கு நேர்மாறாக உள்ளே போகும். அது அவர்களின் வழக்கம், பழுது அல்ல. டுவீற்றரில் பற்றரி வேண்டாம், ஓம் அளவு போதும். மீற்றர் தொடும்போது மெல்லிய சொடுக்குச் சத்தமும் கேட்கும்.

4. வூஃபரின் ஃபோம் வளையம் உதிர்ந்திருந்தால்

பழைய பெட்டிகளில் அதிகம் காண்பது இதுதான். கோனைச் சட்டத்தோடு இணைக்கும் ஃபோம் வளையம் ஈரப்பதத்திலும் வெளிச்சத்திலும் மட்கி, விரல் பட்டால் பொடியாகக் கொட்டும். பொதுவாக 10 முதல் 20 ஆண்டுகளில் இது நடக்கும், வெப்பமும் ஈரமும் கூடிய இடத்தில் இன்னும் முந்தியே நடக்கும். டனோய் நிறுவனத்தின் எழுபதுகளின் எச்பிடி போன்ற விலையுயர்ந்த ஸ்பீக்கர்களும் இதற்கு விலக்கல்ல. துணி வளையமோ ரப்பர் வளையமோ உள்ளவை பெரும்பாலும் தப்பிவிடும். உதிர்ந்த நிலையில் பாட்டுப் போடாதீர்கள். கோன் சாய்ந்து கொயில் உராய்ந்தால் சிறிய வேலை பெரிய வேலையாகிவிடும்.

புதிய வளையம் எடுக்கும்போது '8 அங்குலம்' என்று மட்டும் சொன்னால் பொருந்தாத ஒன்றுதான் வரும். 8 அங்குல ஸ்பீக்கர்களுக்கே பல அளவுகளில் வளையம் விற்கிறார்கள். நான்கு அளவுகள் தேவை: கோனின் வெளிவிட்டம், வளைவு தொடங்கும் விட்டம், வளைவு முடியும் விட்டம், சட்டத்தில் ஒட்டும் பகுதியின் வெளிவிட்டம். வளையம் கோனின் மேற்புறம் ஒட்டியிருந்ததா அடிப்புறமா, ஒட்டும் விளிம்பு தட்டையா சாய்வா என்பதையும் எழுதிவையுங்கள். ஃபோமைச் சுரண்டிய பிறகு இவற்றைக் கண்டுபிடிப்பது கடினம். அளவுகளை முதலில் எடுங்கள்.

ஃபோமுக்குப் பதில் ரப்பர் போட்டால் காலத்துக்கும் நிற்கும் என்று சிலர் சொல்வார்கள். நிற்கும்தான். ஆனால் ரப்பர் கனமானது, விறைப்பும் வேறு. தாழ்சுரம் பழையபடி வராது. ஃபோமுக்கு ஃபோம்தான் என்பது என் கட்சி.

வேலையின் வரிசை இது. பழைய ஃபோமைக் கையால் உதிர்த்து, மிஞ்சிய பசையை ஐசோபுரோப்பைல் அற்ககோலில் நனைத்த பஞ்சால் ஊறவைத்து மழுங்கிய கத்தியால் சுரண்டுங்கள். சட்டத்தின் மேலுள்ள மட்டை வளையத்தைப் பத்திரமாக எடுத்துவையுங்கள், மறுபடி ஒட்ட வேண்டும். பிளாஸ்ரிக் கோன் என்றால் தின்னரும் அசிற்றோனும் கிட்டவே வரக்கூடாது. பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ பெட்டியின் வூஃபரில் உள்ளது போன்ற பெக்ஸ்ரீன் கோன் உண்மையில் பொலிஸ்ரைரீன், கரைந்தே போகும்.

பசை வாங்குவதில்தான் பலர் கெடுக்கிறார்கள். சுப்பர் குளூ உடனே இறுகிவிடும், திருத்த நேரம் தராது, காய்ந்தால் ஓடுபோல் வெடிக்கும். சூட்டுப் பசை நம் வெயிலில் இளகும். பேப்பர் கோனுக்கு நீரில் கரையும், காய்ந்தாலும் வளையக்கூடிய வெள்ளைப் பசை நல்லது. கோனை நகர்த்திச் சரிசெய்ய அது அவகாசம் தரும். பொலிபுரோப்பிலீன் கோனில் வெள்ளைப் பசை பிடிக்காது, ரப்பர் வகைப் பசை வேண்டும்.

முதலில் வளையத்தைக் கோனில் மட்டும் ஒட்டி முழுதாகக் காயவிடுங்கள். அதன் பிறகே சட்டத்தில் ஒட்ட வேண்டும், அப்போதுதான் கொயிலை நடுவில் நிறுத்த முடியும். இதற்கு, நடுவிலுள்ள தூசி மூடியைக் கூரிய பிளேட்டால் ஓரமாக அறுத்துத் திறந்து, கொயிலுக்கும் நடுக் காந்தக் கம்பத்துக்கும் இடையில் சம தூரத்தில் நான்கு மெல்லிய கீலங்களைச் செருகுங்கள். எந்த வீட்டிலும் இருக்கும் பழைய எக்ஸ்ரே படத்தை வெட்டினால் அருமையான கீலம் கிடைக்கும். செருகியபின் கோன் அசையாமல் நிற்க வேண்டும், ஆனால் கீலத்தை நெருக்கித் திணிக்கவும் கூடாது. தளர்ந்தால் இரண்டாக வையுங்கள். மூடி திறந்திருக்கும் நேரம் முழுக்க அந்த மேசையில் அரம், இரும்புத் தூள், கம்பித் துண்டு எதுவும் வேண்டாம்.

சட்டத்தில் ஒட்டி, துணிக் கிளிப்புகளால் சுற்றிவர அழுத்தி ஒரு முழு நாள் விடுங்கள். பிறகு கீலங்களை எடுத்து, பெருவிரல்களால் அழுத்தி உராய்வு இல்லை என்று உறுதிசெய்த பிறகே தூசி மூடியை ஒட்டுங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரையான மாரிக்காலத்தில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். பசை மேலே காய்ந்து உள்ளே ஈரமாக நிற்கும். தை பிறந்து வெயில் வந்த பிறகு, நிழலில், மின்விசிறிக் காற்றில் செய்யுங்கள்.

5. கொயில் எரிந்திருந்தால்

இது உங்கள் கையால் முடிகிற வேலை அல்ல. கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் ஒலிபெருக்கி கட்டுபவர்களுக்குக் கொயில் மாற்றித் தருபவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள், கைத்திறனும் உள்ளவர்கள். ஆனால் அவர்கள் பழகியது தூரத்துக்குக் கேட்கும் ஸ்பீக்கரில். வீட்டுப் பெட்டியின் வூஃபர் மெல்லிய கோனோடும் இளகிய ஸ்பைடரோடும் (கொயிலை நடுவில் தாங்கும் நெளிவுத் துணி) ஆழமாக ஆடுவது. நான் கொடுத்த ஒரு வூஃபர், கோனும் ஸ்பைடரும் மாற்றப்பட்டு, விறைத்த மேடை ஸ்பீக்கராகத் திரும்பி வந்தது. சத்தம் கூடியிருந்தது, தாழ்சுரம் போயிருந்தது. பழையதைக் கேட்டபோது அது குப்பைக்குப் போய்விட்டது என்றார்கள்.

ஆகவே கொடுக்கும்போதே எழுதிக் கொடுங்கள்: கொயில் மட்டும் மாற்ற வேண்டும், கோன், ஸ்பைடர், வளையம் ஆகியவற்றில் கை வைப்பதானால் முதலில் கேட்க வேண்டும், கழற்றிய எல்லாவற்றையும் திருப்பித் தர வேண்டும். கொயில் சுற்றப்பட்ட உருளையின் விட்டம், சுற்றின் உயரம், எத்தனை அடுக்கு, உருளை தாளா அலுமினியமா, நல்ல பக்க ஸ்பீக்கரின் ஓம் அளவு ஆகியவை அந்தத் துண்டில் இருக்கட்டும். திகதியும் தொகையும் போட்டு ஒரு கையொப்பம் வாங்குங்கள். முற்பணம் பாதிக்கு மேல் வேண்டாம்.

காந்தத்தைக் கழற்ற வேண்டும் என்று சொன்னால், அது அல்நிக்கோ (ஒரு பழைய வகை உலோகக் கலவை) காந்தமா என்று பாருங்கள். எழுபதுகளின் இறுதிக்கு முந்திய ஸ்பீக்கர்களில் அதிகம் உண்டு, பின்புறம் உருளையாகவோ கிண்ணம் கவிழ்த்ததுபோலவோ இருக்கும். அல்நிக்கோவைப் பிரித்தால் அதன் காந்த வலு குறைந்துவிடும், மறுபடி காந்தமேற்ற வேண்டும். அதற்கான பொறி அவரிடம் இல்லையென்றால் ஸ்பீக்கரைக் கையோடு திரும்பக் கொண்டுவாருங்கள்.

நேரமும் முக்கியம். நல்லூர்த் திருவிழா 25 நாள். அதையொட்டிய மாதங்களில் ஒலிபெருக்கி வேலை செய்பவர்களிடம் உங்கள் வூஃபர் வரிசையின் கடைசியில்தான் நிற்கும்.

6. டுவீற்றர்

மீற்றர் எதுவும் காட்டாவிட்டால் பெரும்பாலும் கொயில் எரிந்திருக்கும். பலரும் நினைப்பதற்கு மாறாக, சக்தி கூடிய அம்பிளிஃபயரைவிடச் சக்தி குறைந்ததை முழுதாகத் திருகி வைத்துப் பாடவிடுவதே டுவீற்றரை அதிகம் கொல்கிறது. சத்தம் வெட்டுப்படும்போது உருவாகும் உயர்சுரங்கள் அந்த மெல்லிய கொயிலைச் சுட்டுவிடும்.

ஓம் சரி, சத்தம் மட்டும் மங்கல் என்றால் இரண்டு காரணங்களைப் பாருங்கள். ஒன்று, குறொஸ்ஓவரிலுள்ள மின்பகுபொருள் கப்பாசிற்றர் காய்ந்திருக்கலாம். இது நேர், எதிர் முனை பிரிவில்லாத வகை. கடையில் சாதாரண வகையைத் தந்தால் வாங்காதீர்கள். இரண்டு பெட்டிகளிலும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். மற்றது, எழுபதுகளின் பிற்பகுதிக்குப் பின் வந்த பல டுவீற்றர்களின் காந்த இடைவெளியில் காந்தத் திரவம் ஊற்றியிருப்பார்கள். அது காய்ந்து பசையாகிவிடும். தாள் கீற்றால் ஒற்றி எடுத்துப் புதிய திரவம் விட்டால் தொனி திரும்பும். முன்பு திரவம் இல்லாத டுவீற்றரில் 'நல்லதுக்கு' என்று விடாதீர்கள்.

7. மாற்று ஸ்பீக்கர்: கடைசி வழி

விட்டம் பொருந்தினால் ஸ்பீக்கரும் பொருந்தும் என்பது பெரிய பொறி. ஓம் ஒன்றாக இருக்க வேண்டும். உணர்திறன் (ஒரே சக்திக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது) ஒன்றாக இருக்க வேண்டும். 3 டெசிபெல் குறைந்தால் அதே சத்தத்துக்கு இரட்டிப்பு வாற்று கேட்கும். வூஃபர் என்றால் அதன் இயல்பதிர்வும் (கோன் தானாக அதிரும் வேகம்) பெட்டியின் கொள்ளளவும் ஒத்துப்போக வேண்டும். ஒட்டுத்தாளில் போட்டிருக்கும் வாற்று எண்ணை நம்பி ஒன்றும் வாங்காதீர்கள், அது அச்சடித்தவரின் தாராள மனதைத்தான் காட்டும்.

நல்ல வழி, அதே மாதிரிப் பெட்டியின் பழுதான சோடி ஒன்றைத் தேடி, அதிலிருந்து நல்ல ஸ்பீக்கரைக் கழற்றுவது. இணைய விளம்பரங்களில் கொழும்பு, கண்டிப் பக்கம் வரும். வாங்க முதல் விற்பவரிடம் ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் மீற்றர் வைத்த படம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் இரு பக்கமும் ஒரே ஸ்பீக்கராகச் சோடியாக மாற்றுங்கள். பலகைத் துளையை அறுத்துப் பெருப்பிக்காதீர்கள், பின்னர் அசல் ஸ்பீக்கர் கிடைத்தாலும் பூட்ட முடியாது. பழுதான அசலைத் துணியில் சுற்றி வையுங்கள்.

8. சாமான் எடுப்பித்தல்: பத்திரம், செலவு, காலம்

வெளிநாட்டில் ஒரு சோடி ஃபோம் வளையம் பொதுவாக 20 முதல் 40 அமெரிக்க டொலர் வரை விற்கிறது. தபால் செலவு சில வேளை அதற்குக் கிட்ட வரும். இங்கே சுங்க வரி பொருளின் விலையில் மட்டுமல்ல, தபால் செலவையும் காப்புறுதியையும் சேர்த்த தொகையில் கணக்கிடப்படும். அதற்கு மேல் பெறுமதி சேர் வரி, 2024 தை முதல் 18 வீதம். இவற்றைக் கூட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

விற்பவரிடம் விலைப்பட்டியலில் 'ஒலிபெருக்கி உதிரிப்பாகம்' என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். சுங்க வகைப்பாட்டில் அது 8518.90. முழு ஸ்பீக்கர் வேறு இலக்கத்தில் வரும். விலைப்பட்டியல், பணம் செலுத்திய பற்றுச்சீட்டு, பொதியின் தொடர் இலக்கம், தேசிய அடையாள அட்டைப் பிரதி ஆகிய நான்கையும் ஒரு உறையில் வைத்திருங்கள். விலையைக் குறைத்து எழுதச் சொல்லி வம்பை வாங்காதீர்கள். கரைப்பான் கலந்த பசை எளிதில் தீப்பற்றும் பொருள், விமானத் தபாலில் மறிக்கப்படும். வளையத்தை மட்டும் எடுத்து, பசையை இங்கே வாங்குங்கள். காந்தம் உள்ள முழு ஸ்பீக்கருக்கும் விமானப் பொதியில் கட்டுப்பாடு உண்டு, பாரமும் கூட.

மலிவான வழி உறவினர்தான். நல்லூர்த் திருவிழாவுக்கு லண்டன், கனடா, சுவிஸ் என்று எங்கிருந்தும் யாராவது வருவார்கள். சித்திரையிலேயே சொல்லிவையுங்கள். வளையம் பாரமில்லை, ஆனால் மடிந்தால் வளைவு கெடும். இரண்டு மட்டைகளுக்கு இடையில் வைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

கொழும்பில் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கப்பாசிற்றர், பின்னல் கம்பி போன்றவற்றைத் தேடலாம். போகத் தேவையில்லை. அங்கே ஆள் இருந்தால் யாழ்ப்பாண பஸ்ஸில் பொதி போட்டுவிடலாம், ஓர் இரவில் வரும். பஸ்ஸின் இலக்கத்தையும் நடத்துநரின் தொலைபேசி எண்ணையும் எழுதி வாங்கச் சொல்லுங்கள். ஸ்பீக்கரையே அனுப்புவதானால், கோனுக்கு மேல் ஒட்டுப்பலகைத் துண்டொன்றை ஆணித் துளைகளிலேயே முடுக்கி, காந்தம் கீழே இருக்கும்படி பெட்டியில் இறுக்குங்கள். 'உடையும் சாமான்' என்று எழுதினால் மட்டும் யாரும் மெதுவாக வைக்கமாட்டார்கள்.

9. பூட்டும்போது

வூஃபரைப் பழைய நிலைக்கு அரைவட்டம் சுழற்றிப் பூட்டுங்கள். ஆண்டுக்கணக்கில் ஒரே பக்கம் தொங்கிய ஸ்பைடர் மறுபக்கம் நிமிரும். சட்டத்துக்கும் பலகைக்கும் இடையிலுள்ள அடைப்பு கெட்டிருந்தால் புதிய ஃபோம் நாடா ஒட்டுங்கள். திருகாணிகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முடுக்குங்கள். பழைய சிப் பலகை லேசில் பொடியும்.

காற்றுத் துளை இல்லாத மூடிய பெட்டியென்றால், கோனை மெதுவாக அழுத்தி விடுங்கள். அது ஆறுதலாகத் திரும்பி வர வேண்டும். சட்டென்று துள்ளினால் எங்கோ காற்று ஒழுகுகிறது.

படத்தைப் பார்த்து வயர்களை அதே முனைகளில் பற்றவைத்த பிறகு, இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மோனோவில் (இரு பெட்டிகளிலும் ஒரே ஒலி வரும்படி) மெல்லிய சத்தத்தில் பாடவிடுங்கள். குரல் இரண்டுக்கும் நடுவிலிருந்து வந்தால் முனைகள் சரி. குரல் சிதறி, தாழ்சுரம் மெலிந்து கேட்டால் ஒரு பெட்டியின் இரண்டு வயர்களையும் மாற்றிப் பூட்டுங்கள். முதல் சில நாட்களுக்குச் சத்தத்தைப் பாதிக்கு மேல் கூட்ட வேண்டாம், புதிய வளையம் இளக நேரம் வேண்டும்.